தாய்ப்பத்திரம் இல்லாத சாமிகள்

விராலிமலையில் நான்குவழிச் சாலையை ஒட்டி இரண்டு சென்ட் மனை வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்திர எழுத்தர் முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்பார். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா என்பார். பட்டா யார் பெயரில், வாரிசுகள் எத்தனை பேர், அதில் மைனர் யாராவது உண்டா என்று ஒவ்வொன்றாகத் துருவுவார். விற்கிறவர், "எங்க தாத்தா காலத்துச் சொத்துங்க, நம்பி வாங்கலாம்" என்று சொன்னால், "நம்புறோம்ணே, அதை எழுத்துல காட்டுங்க" என்று பதில் வரும். மனையின் விலை சில லட்சம். அதற்கு இவ்வளவு விசாரணை. யாரும் இதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. ஊர் நடைமுறை அது.

இப்போது இன்னொரு கொள்முதல். 2008 பிப்ரவரியில் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சோழர் காலத்து நடராஜர் ஒருவரை வாங்கியது. விலை 50 லட்சம் அமெரிக்க டாலர். விற்றவர் நியூயார்க்கின் மாடிசன் அவென்யூவில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். காட்டப்பட்ட 'தாய்ப்பத்திரம்' என்ன தெரியுமா? சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1971க்கு முன்பு டெல்லியில் இருந்தபோது வாங்கினார், பிறகு அது அவர் மனைவியிடம் இருந்தது என்று சொல்லும் சில காகிதங்கள். அவ்வளவுதான். எந்தக் கோயில், எந்த ஊர், கோயிலிலிருந்து கடைக்கு எப்படி வந்தது என்று ஒரு வரி கிடையாது.

விராலிமலைப் பத்திர எழுத்தராக இருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போயிருப்பார். கலைக்கூடம் பணத்தைக் கொடுத்தது.

அந்த நடராஜர் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலுக்குச் சொந்தமானவர். பூசை நின்றுபோய்ப் பூட்டிக் கிடந்த கோயில் அது. 2006இல் பூட்டை உடைத்துத் தூக்கினார்கள். அதற்கும் முன்பே, 1994இல், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவரை அந்தக் கோயிலிலேயே படம் எடுத்து வைத்திருந்தது. 1971க்கு முன்பே டெல்லியில் விலைபோன சிலை 1994இல் ஸ்ரீபுரந்தானில் எப்படி நிற்கும்?

இந்தக் கதையைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். கடத்தல்காரர், கைது, மீட்பு, பிரதமர் கையில் சிலை என்று அது ஒரு துப்பறியும் நாவல் மாதிரியே சொல்லப்படுகிறது. நான் பேச நினைப்பது கதையில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு பாத்திரத்தைப் பற்றி. அவர் திருடவில்லை, கடத்தவில்லை, விற்கவும் இல்லை. கலைப்பொருள் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அவர் சட்ட ஆலோசனை தருகிறார்.

*

கான்பெரா கலைக்கூடம் சட்ட ஆலோசனை கேட்காமல் வாங்கவில்லை. வெளி வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்துபூர்வமாகக் கருத்துக் கேட்டுத்தான் வாங்கியது. அந்த அறிக்கை 2014இல் ஊடகங்களில் வெளியானது. சிலை எங்கிருந்து வந்தது என்பதற்கு எந்தத் தடயமும் தரப்படவில்லை, அது திருட்டுப்பொருளாக இருக்கும் வாய்ப்பு உண்டு என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. அதற்குப் பிறகும் கொள்முதல் நடந்தது.

இதில் அந்த வழக்கறிஞரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர் உள்ளதைச் சொன்னார். என் சண்டை அந்த ஆலோசனை எந்தக் கேள்விக்கு விடையாகப் படிக்கப்படுகிறது என்பதோடு. "இது யாருடையது?" என்று கேட்டிருந்தால், "தெரியவில்லை, திருட்டாக இருக்கலாம்" என்ற விடையோடு பேச்சு முடிந்திருக்கும். தெரியாதவன் பொருளை எப்படி வாங்குவது? ஆனால் கேட்கப்படும் கேள்வி வேறு. "வாங்கினால் நமக்கு என்ன ஆபத்து, அதை எப்படிச் சமாளிப்பது?" இந்தக் கேள்விக்கு "திருட்டாக இருக்கலாம்" என்பது ஒரு முடிவே இல்லை. அது ஓர் இடர்மதிப்பு. ஒப்பந்தத்தில் விற்பவரிடம் ஓர் உத்தரவாத ஷரத்து வாங்கிக்கொண்டால் அந்த இடர் குறைந்துவிடுகிறது.

மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தைக் கட்டாயம் என்று வைத்து, அது நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் சோதித்தால் என்ன ஆகும்? நிரப்புவார்கள். புள்ளி வைத்தாவது நிரப்புவார்கள். நிரலும் மகிழ்ச்சியாக அடுத்த பக்கத்துக்குப் போகும். கலைச்சந்தையின் 'உரிய விசாரணை' என்கிற சடங்கு பெரும்பாலும் இப்படிப்பட்ட சோதனைதான்.

அதில் உள்ள கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கட்டம், 1970. பண்பாட்டுப் பொருட்களின் கள்ளப் பரிமாற்றத்துக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை அந்த ஆண்டு நவம்பரில் உருவானது. அதன் பிறகு 1970 என்பது அருங்காட்சியக உலகில் ஒரு கோடாக மாறியது. அதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேறிய பொருளென்றால் பெரிதாகக் கேள்வி வராது. நம் பக்கத்தில், தொல்பொருட்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த சிற்பமோ ஓவியமோ தனியார் கையால் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்கிறது அது. ஆக, கடைக்காரருக்குத் தேவை இந்த ஆண்டுகளுக்கு முந்தைய தேதி போட்ட ஒரு ரசீது.

தேவை இருந்தால் சரக்கு வரும். சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் கபூரிடமிருந்து ஓர் அர்த்தநாரீசுவரர் கற்சிலையை 3 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. கூடவே 1970 தேதியிட்ட டெல்லிக் கடை ரசீது ஒன்று வந்தது. பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பைப் புரட்டினால் 1974இல் அதே அர்த்தநாரி விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் சுவர் மாடத்தில் நிற்கிறார். அந்தத் தேதியைக் கபூர் சும்மா கற்பனை செய்துவிடவில்லை. வாங்குகிறவர்களின் விதியே அந்தத் தேதியைக் கேட்டது.

இரண்டாவது கட்டம், திருட்டுப்பொருள் தரவுத்தளம். காணாமல்போன கலைப்பொருட்களின் பட்டியலில் தேடி, "எங்கள் பதிவில் இது இல்லை" என்று சான்றிதழ் தரும் நிறுவனங்கள் உண்டு. சான்றிதழ் பொய் சொல்வதில்லை. ஆனால் அதன் உண்மைக்கு என்ன பெறுமானம்? ஸ்ரீபுரந்தானில் திருட்டு நடந்தது 2006. சிலைகள் இல்லை என்பதை அதிகாரிகள் வந்து பார்த்துத் தெரிந்துகொண்டது 2008 ஆகஸ்டில். கான்பெரா வாங்கியது அதற்கு ஆறு மாதம் முன்பு. திருட்டுப் போனது ஊருக்கே தெரியாதபோது லண்டன் தரவுத்தளத்துக்கு எப்படித் தெரியும்? பதிவில் இல்லை என்பதைத் திருட்டில்லை என்று படிப்பவர் ஒன்று அப்பாவி, இல்லையென்றால் அப்பாவியாக இருப்பதற்குக் காசு கொடுத்தவர்.

மூன்றாவது கட்டம் நல்லெண்ணம். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆங்கிலச் சட்ட மரபில் திருடனால் உரிமையைக் கைமாற்ற முடியாது. ஆனால் இங்கிலாந்திலேயே, நல்லெண்ணத்தோடு வாங்கினவர் ஆறு ஆண்டு தாண்டிவிட்டால் பழைய உரிமையாளரின் உரிமை அற்றுப்போகிறது. இத்தாலியில் நல்லெண்ணத்தோடு வாங்கினவருக்குத் திருட்டுப்பொருளே சொந்தமாகிவிடலாம். நியூயார்க்கிலோ, உரிமையாளர் வந்து கேட்டு, வைத்திருப்பவர் மறுத்த பிறகுதான் காலவரம்பு ஓடத் தொடங்கும். இந்த வித்தியாசங்களை அறிந்து, எந்த ஊரில் கைமாற்றினால் பொருள் 'வெளுக்கும்' என்று சொல்வதும் சட்ட ஆலோசனைதான். அதற்கும் மணிக்கணக்கில் கட்டணம் உண்டு.

*

"சரி, சட்டம் அனுமதிப்பதைத்தானே சொல்கிறார்கள்? வழக்கறிஞர் வேலையே அதுதானே?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சட்டத்துக்குள்ளேயே 'யாருடையது' என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. அதை ஒரு லண்டன் நீதிமன்றம் நமக்காகக் கேட்டும் காட்டியது.

1976இல் தஞ்சைப் பகுதியில் பத்தூர் என்ற ஊரில், இடிந்துபோன கோயிலின் அருகே மண்ணுக்குள்ளிருந்து ஒரு நடராஜர் வெளிப்பட்டார். கைமாறிக் கைமாறி லண்டன் போனார். 1982இல் பம்ப்பர் டெவலப்மென்ட் என்ற கனடா நிறுவனம் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் காவல்துறை கைப்பற்றியது. நிறுவனம் சும்மா இருக்கவில்லை. நாங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கினோம், திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டது. எதிரே நின்றவர்களில் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் மட்டுமல்ல, அந்தக் கோயிலும் இருந்தது. அங்கே மிஞ்சியிருந்த சிவலிங்கமும் இருந்தது.

ஆமாம், சிவலிங்கம்தான் வழக்காடியது. இந்தியச் சட்டத்தில் இதில் வியப்பு ஒன்றுமில்லை. மூர்த்தி ஒரு சட்ட ஆள். 1925இலேயே பிரிவி கவுன்சில், கல்கத்தா மல்லிக் குடும்ப வழக்கில், குலதெய்வ விக்ரகத்தை மேசை நாற்காலி மாதிரி ஒரு பொருளாகக் கருத முடியாது, அதன் நலனையும் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. 1988இல் லண்டன் உயர் நீதிமன்றம் பத்தூர் நடராஜர் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று முடிவு செய்தது. இங்கிலாந்துச் சட்டத்துக்குப் பழக்கமில்லாத கட்சிக்காரர் என்றாலும், கோயிலின் பெயரில் வழக்கு நிற்கும் என்பதை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. அந்த ஆண்டே நடராஜர் ஊர் திரும்பினார்.

கோயில் இடிந்து கிடந்தது. பூசை கிடையாது. சிலை எத்தனையோ நூற்றாண்டு மண்ணுக்குள். இருந்தாலும் உரிமை சாகவில்லை. இது 1991 முதல் எந்தக் கலைச்சட்ட வழக்கறிஞருக்கும் தெரிந்த தீர்ப்பு. அப்புறமும் 2004இலும் 2008இலும் "உரிமை கோருகிறவர் யாரும் முன்வரவில்லை" என்ற தோரணையில் காகிதம் பார்த்து வாங்கினார்கள். இந்தியச் சட்டம் தெய்வத்தை நிரந்தர மைனராகவும் வைத்திருக்கிறது. தனக்காகத் தானே பேச முடியாதவர், வேறொருவர்தான் அவருக்காகப் பேச வேண்டும் என்பது அதன் பொருள். விராலிமலையில் மனை வாங்குகிறவன்கூட மைனர் பங்கு இருந்தால் தொடப் பயப்படுகிறான். ஐம்பது லட்சம் டாலர் புரட்டத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் வரவில்லை.

*

எதிர்த்தரப்பில் இரண்டு வாதங்கள் உண்டு. இரண்டையும் மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: "நீங்கள் பூட்டிப்போட்ட சாமியை அவர்கள் குளிர்சாதன அறையில் காப்பாற்றினார்கள்." இதில் உறைக்கும் பகுதி உண்டு. ஸ்ரீபுரந்தானில் சிலைகள் போனதே இரண்டு வருடம் தெரியவில்லை என்றால் அந்த வெட்கம் நம்முடையது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் குழந்தையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பது அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் விற்பதற்கு ஆதாரம் ஆகாது. தவிர, வாங்குகிறவர் பணம்தான் பூட்டை உடைக்கிற கடப்பாரைக்குக் கூலி. நியூயார்க்கில் கேட்பு இல்லையென்றால் அரியலூரில் ராத்திரி வேலை இல்லை.

இரண்டு: "1972 சட்டம் ரொம்ப இறுக்கம். உள்நாட்டுச் சந்தையைச் செத்துப்போக வைத்து, எல்லாவற்றையும் கள்ளச்சந்தைக்குத் தள்ளிவிட்டது." இதிலும் பாதி உண்மை. விற்க உரிமம், வைத்திருக்கப் பதிவு, கைமாற்றினால் தகவல் என்று சட்டம் கேட்கிறது. நேர்மையான ஆள் அலைகிறார். சுவாமிமலையில் போன மாதம் வார்த்த சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பவும் அது தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்க வேண்டியிருக்கிறது. கடத்துகிறவனோ ஆயிரம் வருடத்துச் சிலையைப் புதுக் கைவினைப்பொருள் என்று எழுதி அனுப்புகிறான். சட்டவிரோத ஏற்றுமதிக்கு அந்தச் சட்டத்தில் உச்ச தண்டனையே மூன்றாண்டுச் சிறைதான். சட்டத்தைத் திருத்துங்கள், பதிவை எளிதாக்குங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சந்தையைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எது கோயிலுடையது என்ற பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். அது இல்லாமல் சந்தையைத் திறந்தால் திருட்டுக்கே ரசீது போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகும்.

இங்கேதான் விரலை நம் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. விராலிமலையிலிருந்து மதுரைப் பக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கொடும்பாளூர். பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் இரு தேவியர் பெயராலும் எடுத்த மூவர் கோயில். மூன்றில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான். அங்கிருந்த சிற்பங்களில் சில புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாளைக்கே ஏதோ ஓர் ஏலப் பட்டியலில் 'தென்னிந்தியா, 10ஆம் நூற்றாண்டு' என்று ஒரு கற்சிலை வந்தால், இது எங்கள் கொடும்பாளூர்க் கல் என்று சொல்ல விராலிமலைக்காரர் கையில் என்ன இருக்கிறது? எந்தப் பட்டியல், எந்தப் படம்?

பட்டியல் போடச் சட்டம் சொல்லாமல் இல்லை. இந்து சமய அறநிலையச் சட்டம் 1959, பிரிவு 29. ஒவ்வொரு கோயிலும் தன் சொத்துகளோடு விக்ரகங்களின் விவரத்தையும் பதிவேட்டில் வைக்க வேண்டும் என்கிறது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் துறையின் கீழ் உள்ளன. அந்தப் பதிவேடுகள் படத்தோடும் அளவோடும் பொதுவில் இருந்தால், 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லும் வசதி உலகத்தில் எந்த வாங்குநருக்கும் இருக்காது. இன்று நமக்காகச் சாட்சி சொல்வது யார்? 1950களில் தொடங்கிக் கிராமம் கிராமமாகப் போய் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்துவைத்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அவற்றை ஏலப் பட்டியல்களோடு ஒப்பிட்டு ராத்திரி கண்விழித்த எஸ். விஜயகுமார் போன்ற தன்னார்வலர்கள். அரசு செய்திருக்க வேண்டிய வேலையை ஓர் ஆய்வு நிறுவனமும் ஆர்வலர்களும் செய்தார்கள்.

மீட்டபின் நடப்பதும் பெருமைப்படும்படி இல்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லியில் ஒப்படைத்த ஸ்ரீபுரந்தான் நடராஜர், தன் ஊர்க் கோயிலுக்குப் போகவில்லை. கும்பகோணத்துத் திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். இது வாங்குநரின் குற்றத்தைக் குறைக்காது. ஆனால் அவர் வழக்கறிஞர் கையில் நாமே எடுத்துக் கொடுக்கும் வாதம் இது.

*

அப்படியென்றால் நல்ல ஆலோசனை என்று ஒன்று இருக்க முடியுமா? முடியும். ஓரளவு நடந்தும் இருக்கிறது.

அதே கான்பெரா கலைக்கூடம், சூடுபட்ட பிறகு, 2021இல் தன் விதியை மாற்றியது. ஒரு பொருள் திருடப்பட்டதாகவோ சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்டதாகவோ இருப்பதற்கான சாத்தியமே கூடுதல் என்று தோன்றினால் போதும், வைத்துக்கொள்ளாது. நீதிமன்றம் நிரூபிக்கும்வரை காத்திராது. அந்த ஆண்டு 14 பொருட்களை இந்தியாவுக்குத் திருப்பித் தர முடிவு செய்தது. அவற்றில் 13 கபூர் வழி வந்தவை. (கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்தாண்டுச் சிறை விதித்தது. அது இன்னொரு கோயில், சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் வழக்கில்.)

ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் கதை இன்னும் கூர்மையானது. அங்கிருந்த திருமங்கையாழ்வார் செப்புத்திருமேனி 1967இல் ஏலத்தில் வாங்கியது. புகழ்பெற்ற 1970 கோட்டுக்கு முன்பு. ஆறு ஆண்டு காலவரம்பெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று. கட்டங்கள் எல்லாம் பச்சை. ஆனால் கும்பகோணம் அருகே சுந்தரபெருமாள் கோயிலில் 1957இல் எடுத்த பிரெஞ்சு நிறுவனப் படத்தில் அதே ஆழ்வார் இருந்தார். ஓர் ஆய்வாளர் 2019இல் இதைச் சொன்னதும், அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. அங்கே யாரோ ஒருவர் "நம்மை என்ன செய்ய முடியும்?" என்ற கேள்வியை மடித்து வைத்துவிட்டு "இது யாருடையது?" என்று கேட்டிருக்கிறார்.

ஆக, சேகரிப்பாளருக்கும் கடைக்காரருக்கும் என் இலவச ஆலோசனை இது. நான் வழக்கறிஞன் அல்ல. இதற்கு வழக்கறிஞனாக இருக்க வேண்டியதும் இல்லை. கோயிலுக்கென்று செய்யப்பட்ட திருமேனி எதுவும் ஒரு காலத்தில் ஒரு கோயிலில் இருந்தது. எந்தக் கோயில் என்று விற்பவர் சொல்ல வேண்டும். அந்தக் கோயில் அதை எப்போது, யார் கையெழுத்தில் விட்டுக்கொடுத்தது என்று காட்ட வேண்டும். படத்தொகுப்பில் நீங்களே தேட வேண்டும், அந்த ஊருக்கு நீங்களே எழுதிக் கேட்க வேண்டும். விடை வராவிட்டால் வாங்கக்கூடாது. நிரூபிக்கும் பாரம் இழந்தவர் தலையில் இருக்கும்வரை எத்தனை பக்கம் சட்டக் கருத்து வாங்கினாலும் அது திருட்டுக்குப் போடும் காப்பீடு மட்டுமே.

இது ஏதோ பில்லியன் டாலர்காரர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். முதல் சம்பளம் கூடினதும் காரைக்குடி பழம்பொருள் தெருவுக்குக் காரை விடுகிற தலைமுறை நாம். எனாமல் கிண்ணம், ரவிவர்மா அச்சுப்படம், பித்தளைச் சொம்பு என்று வாங்குங்கள், யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் அடுத்த அறைக்குக் கூட்டிப்போய்த் துணியை விலக்கி, "சார், இது பழைய பீஸு, ஒரு கிராமத்துலேர்ந்து வந்தது, பில்லு வேணும்னா போட்டுக்கலாம்" என்று ஒரு சின்ன அம்மனைக் காட்டும்போது, நீங்களும் அந்த மாடிசன் அவென்யூ கடைக்குள்தான் நிற்கிறீர்கள். நூறாண்டு கடந்த சிலையென்றால் விற்பவருக்கு உரிமம் வேண்டும், உங்களிடம் வந்தால் பதிவு வேண்டும் என்கிறது சட்டம். அது போகட்டும். 'பில்லு வேணும்னா போட்டுக்கலாம்' என்ற சொற்களைக் கேளுங்கள். அர்த்தநாரிக்குப் போட்டதும் அந்த மாதிரி ஒரு பில்தான்.

எந்தக் கிராமம் என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் மாறினால் வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்ததோடு நிற்காமல் காவல்துறைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டு சென்ட் நிலத்துக்குக் கேட்கத் தெரிந்த கேள்வியை அந்த அம்மனுக்காகவும் கேட்பதில் என்ன கஷ்டம்?